நல்லா இருக்கறவங்க பட்டியல்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். இங்க நானும் உன் மச்சானும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு சௌக்கியமா இருக்கோம். அங்க நீ, உன் பொண்டாட்டி, உன் பூதக்கண்ணாடி மூணு பேரும் எப்படி இருக்கீங்க?

போன்லயே பேசலாம்தான். ஆனா போன்ல நீ "ம்" கொட்டறதைத் தவிர வேற எதுவும் பேசறதில்ல. காகிதத்துல "ம்" கொட்ட முடியாது பாரு, அதான் கடுதாசி.

அவனவன் தம்பி அக்கா வீட்டுக்கு வந்தா கையில எதையாவது கொடுத்துட்டுப் போவான். நீ கையில இருந்து ரத்தத்தை எடுத்துட்டுப் போனே. கொசு தேவலை, கடிக்கறதுக்கு முன்னாடி காதுல ஒரு பாட்டாவது பாடும். நீ ஐஸ் பெட்டியை மூடினே, "வரேங்க்கா"ன்னே, போயிட்டே. "உன் தம்பி ஆராய்ச்சிக்காரனா, ரத்தக்காட்டேரியா?"ன்னு உன் மச்சான் கேக்கறார். ரெண்டும் ஒரே உத்தியோகம்தான், ஒண்ணுக்கு மட்டும் சம்பளம் உண்டுன்னு சொல்லியிருக்கேன்.

ஊசி குத்தறப்ப, ஏதாவது நோய் இருக்கான்னு கேட்டே. வாய்க்கொழுப்பைத் தவிர ஒண்ணுமில்லைன்னேன். பொய் இல்ல. பிள்ளை பெத்துக்கலை, அதனால ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கலை. இப்பக் கொஞ்ச நாளா காலையில எழுந்தா விரல் மடங்க மாட்டேங்குது, புதுச்செருப்பு மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது. நாள் முழுக்கச் சட்டைக் காலரைத் தைச்சுத் திருப்பி, முனையைக் கட்டை விரலால தள்ளித் தள்ளிக் கூராக்கற கை. வேலை செய்யற கை வலிக்காம வேலை வாங்கற கையா வலிக்கும்? இதைப் போய் நோய்னு சொன்னா எங்க தையல் வரிசை மொத்தமும் நோயாளிதான்.

அந்த ரத்தத்துல அப்படி என்னத்தைத் தேடறே? எனக்குப் புரியற மாதிரி எழுது. நான் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான். அதுலயும் பாதி நாள் வகுப்புக்கு வெளியதான் நின்னிருக்கேன்.

உன் பொண்டாட்டியை நான் விசாரிச்சதா சொல்லு. சொல்ல மாட்டே, தெரியும்.

அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் மனைவியும் நலம். உன் கடிதத்தைப் படிச்சுட்டு அவ ரொம்ப நேரம் சிரிச்சா. நீ விசாரிச்சதைச் சொல்லிட்டேன், பார்த்துக்கோ.

புரியற மாதிரி சொல்றேன். உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லும் தன்கிட்ட இருக்கறதுல கொஞ்சத்தைச் சின்னப் பையில கட்டி வெளிய அனுப்பும். அந்தப் பைக்குப் பேர் எக்ஸோசோம். சாதாரண பூதக்கண்ணாடியில அது தெரியாது, அவ்வளவு சின்னது. ரத்தத்துல மிதந்து போய் இன்னொரு செல்லைச் சேரும். வாங்கின செல் அதைப் பிரிச்சு, உள்ள இருக்கற சேதிப்படி நடக்கும்.

அடிபட்ட இடம் வீங்கிச் சூடாகுது இல்லையா, அது உடம்பு தன்னைக் காப்பாத்திக்கறதுக்காகச் செய்யறது. சில பை "வீங்கு, எரி"ன்னு சொல்லும். சில பை "போதும், அடங்கு"ன்னு சொல்லும். ரெண்டும் அளவா இருந்தா புண் ஆறிடும். சிலருக்கு முதல் வகை நிக்கறதே இல்லை. எதிரியே இல்லாத இடத்துல சண்டை நடந்துக்கிட்டே இருக்கும். மூட்டுல அது நடந்தா அதுதான் முடக்கு வாதம். எலும்பையே அரிச்சிடும்.

மூட்டு கெடறதுக்கு முன்னாடி, ரத்தத்துல இருக்கற பையை வச்சே ஆளைக் கண்டுபிடிக்க முடியுமான்னு பார்க்கறோம். சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா கையைக் காப்பாத்தலாம். தாமதமானா போனது போனதுதான். நோயாளிங்க ரத்தம் எங்ககிட்ட நிறைய இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க நல்லா இருக்கறவங்க ரத்தம்தான் கிடைக்கலை. அந்தப் பட்டியலுக்குத்தான் உன்னுது. எனக்குத் தெரிஞ்சவங்கள்ல உன்னைவிட நல்லா இருக்கறவங்க யாரு?

மச்சானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உன் மச்சானுக்கு லாரி ஓட்டி முதுகு வலி, எனக்கு அவரால தலை வலி. உங்க சுகத்துக்கு எழுது.

உன் கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். இதை நம்ம சின்ன அத்தைன்னு ஒரே வார்த்தையில எழுதியிருக்கலாமே! ஒரு வீட்டுல கேட்டதை மூட்டை கட்டி இன்னொரு வீட்டுல அவிழ்த்து விடுவா. அந்த வீடு பத்திக்கிட்டு எரியும், அத்தை அடுத்த தெருவுல இருப்பா. அடங்குன்னு சொல்ற பைன்னு எழுதினியே, அந்த ரகம் நம்ம குடும்பத்துல பிறக்கவே இல்லை.

சாப்பாட்டு நேரத்துல எங்க வரிசைக்குப் பாடமே எடுத்துட்டேன். உடம்புக்குள்ள கோடிப் பேர் ஊர்வம்பு பேசறாங்க, அதை என் தம்பி ஒட்டுக் கேக்கறான், அதுக்குப் பெரிய பட்டம் வாங்கியிருக்கான்னேன். எங்க சூப்பர்வைசர் பின்னாடியே நின்னிருக்கார். கடிகாரம்னு நாங்க பேர் வச்சிருக்கற ஆளு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து சீக்கிரம், சீக்கிரம்னு அடிப்பார். "உங்க செல்லு பேசட்டும்மா, மணி ஆச்சு, நீங்க பேசாம தைங்க"ன்னார். டப்பாவை மூடிட்டுத் தைக்கப் போனேன். நானே!

நல்லா இருக்கறவங்க பட்டியல்ல என் பேர் இருக்குன்னு உன் மச்சான்கிட்ட ரெண்டு நாளா பீத்திக்கிட்டிருக்கேன். அவரைச் சேர்க்க ஏதாவது பட்டியல் இருந்தா சொல்லு.

அக்கா

மார்ச் 4

அக்கா,

நலமா? ஒரே ஒரு விஷயம் கேக்கணும். காலையில விரல் மடங்கலைன்னு எழுதியிருந்தியே, சரியாக எவ்வளவு நேரம் ஆகுது? ஒரு கையிலயா, ரெண்டு கையிலயுமா? விரலோட அடி மூட்டு வீங்கியிருக்கா? தொட்டா சூடா இருக்கா? கால் விரல் எப்படி?

சும்மாதான் கேக்கறேன். உடனே பதில் போடு.

தம்பி

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம்னு எழுத ஆரம்பிச்சேன், உன் கேள்வியைப் பார்த்ததும் கை நின்னுடுச்சு. நீ உடனே பதில் போடுன்னு எழுதின முதல் கடுதாசி இது. உன் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்தப்பகூட "மெதுவா சொல்லுக்கா"ன்ன ஆளு நீ.

கேட்டதுக்குச் சொல்றேன். ரெண்டு கையும்தான். வலது கையில எந்த விரலோ இடது கையிலயும் அதே விரல், இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. எழுந்து, குளிச்சு, பஸ் ஏறி, கம்பெனியில முதல் கட்டுக் காலரைத் திருப்பி முடிக்கற வரைக்கும் விறைப்புத்தான். அடி மூட்டு உருண்டையா வீங்கியிருக்கு, சூடு உண்டு. மோதிரம் வரலை. சோப்பு போட்டு இழுத்துப் பார்த்தோம். "கல்யாணத்துல மாட்டினது, நீ நினைச்சாலும் கழட்ட முடியாது"ன்னு உன் மச்சானுக்கு ஒரே பெருமை. கடைசியில அவர்தான் வெட்டி எடுத்தார். கால் விரலும் காலையில தரையில ஊன விடறதில்லை. போதுமா?

இப்ப நீ சொல்லு. சும்மா கேக்கறவன் ஒரு கையா ரெண்டு கையான்னு கேப்பானா? உன் கடுதாசியில முதல்லயே முடக்கு வாதம்னு ஒரு பேர் எழுதியிருந்தே. அதுவா இது?

நான் இங்க டாக்டரைப் பார்க்கணும்னா முழு நாள் லீவு போடணும். நம்ம கடிகாரத்துக்கு லீவுன்னா உடம்பு சரியில்லைன்னு அர்த்தம், உடம்பு சரியில்லைன்னா காலர் வேலை கிடையாதுன்னு அர்த்தம். காலர் போனா நான் குறைஞ்ச சம்பளத்துக்கு நூல் வெட்டற மேசைதான். அங்க போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லை. அதனால நீ ஒரு வார்த்தை சொல்லு. போன்னா நாளைக்கே போறேன், கடிகாரம் உடைஞ்சாலும் சரி. வேண்டாம்னா வேலையைப் பார்க்கறேன். படிச்சவன் நீ சொல்றதைத்தான் கேப்பேன்.

உன் பதிலைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. இங்க ஆய்வுக்கூடத்துல மூச்சு விட நேரமில்லை. நீயும் மச்சானும் நலம்னு நம்பறேன்.

பயப்பட ஒண்ணுமில்லைக்கா. கையை வெந்நீர்ல கொஞ்ச நேரம் வை, இதமா இருக்கும். எப்பவாவது நேரம் கிடைச்சா டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டு. அவசரம்னு இல்லை.

இன்னொண்ணு. உன் ரத்தக் குழாய் வழியில கெட்டுப்போச்சு. ஐஸ் உருகிடுச்சு போல. அதனால கணக்குல சேர்க்க முடியலை. நீ இதை யார்கிட்டயும் பெரிசா பேசிக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கோ.

தம்பி

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க நலம், உங்க நலம் எப்படி?

என் ரத்தம் கெட்டுப்போச்சா? இத்தனை வருஷமா உன் மச்சான் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கார், ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டுபிடிச்சுட்டார். பட்டியல்ல இருந்து நீ என்னைத் தூக்கிட்டதை மட்டும் கம்பெனியில சொல்லலை. மானம் போயிடும்.

நீ சொன்னபடி வெந்நீர் வைக்கறேன். காலையில ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. கையை உள்ள விட்டா சொர்க்கம், வெளிய எடுத்தா பழைய குருடி கதவைத் திறடி. அவசரம் இல்லைன்னு நீ எழுதினதால லீவு போடலை. தம்பியே அவசரம் இல்லைங்கறான்னு சொன்னப்புறம்தான் உன் மச்சானும் நச்சரிக்கறதை விட்டார்.

போன வாரம் ஒரு கட்டுக் காலர் திரும்பி வந்துச்சு. முனை கூரா இல்லை, எலி கடிச்ச ரொட்டி மாதிரி இருக்குன்னு கடிகாரம் எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டினார். "எலியைத்தான் கேக்கணும்"னேன், எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் கழிவறையில போய்க் கட்டை விரலைச் சுவத்துல வச்சு அழுத்திப் பார்த்தேன். அழுத்தறதுக்கு விரல்ல பலமே இல்லை தம்பி, யாரோ வேற ஒருத்தர் விரல் மாதிரி இருக்கு.

சரி விடு. உன் பொண்டாட்டி எப்படி இருக்கா? நீ ஏன் போனையும் எடுக்கறதில்லை? அடிச்சா அவதான் எடுக்கறா, நீ குளிக்கறேங்கறா. எந்த நேரம் அடிச்சாலும் குளிக்கறே. இவ்வளவு சுத்தமான ஆம்பளையை நான் பார்த்ததில்லை.

பதில் போடு.

அக்கா

செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஜூன்ல போட்டதுக்குப் பதில் வரலை. நீ நல்லா இருக்கேன்னு உன் பொண்டாட்டி போன்ல சொன்னா, சந்தோஷம். இதைச் சொல்றது நான், எழுதறது உன் மச்சான். பிழையெல்லாம் அவரோடது, திட்டெல்லாம் என்னோடது.

டாக்டரைப் பார்த்தாச்சு. லீவு போட்டுப் போகலை, கம்பெனியில இருந்தே அனுப்பினாங்க. கத்திரிக்கோல் கையில இருந்து நழுவி பக்கத்துல இருந்தவ கால்ல விழுந்துடுச்சு. நல்லவேளை, செருப்போட போச்சு. அதுக்கு முன்னாடியே நான் நூல் வெட்டற மேசைக்கு வந்துட்டேன், அது உனக்குத் தெரியாது.

முடக்கு வாதமாம். எலும்பைப் படம் எடுத்துக் காட்டினார் டாக்டர். மூட்டு ஓரமெல்லாம் அந்து பூச்சி அரிச்ச துணி. விரலெல்லாம் ஒரு பக்கமா சாயுது பார்த்தீங்களா, இனி நிமிராதுன்னார். மாத்திரை கொடுத்திருக்கார், மிச்சம் இருக்கறதைக் காப்பாத்த. "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க, ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாமே"ன்னு கோபப்பட்டார். வெந்நீர் வச்சேன்னேன்.

கம்பெனியில இனி வர வேண்டாம்னுட்டாங்க. கடிகாரமே வந்து சொன்னார். எப்பவும் அடிக்கறவர், அன்னைக்கு என் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு கேட் வரைக்கும் வந்து விட்டார். அதைப் பார்க்கத்தான் கஷ்டமா இருந்துச்சு.

தம்பி, ஒண்ணும் மனசுல வச்சுக்காதே. உனக்கு என்ன தெரியும், நீ என்ன டாக்டரா? தூரத்துல இருந்துக்கிட்டு நல்லதுதான் சொல்லியிருப்பே. எனக்கு எழுதற கை போச்சு, பேசற வாய் இருக்கு. அது போதும்.

அக்கா

செப்டம்பர் 9

அக்கா,

கடிதம் கிடைச்சதும் எழுதறேன். டாக்டர் கொடுத்தது வாரம் ஒரு தடவை போடற மாத்திரையா? தினமும் போட்டுடாதே, ஆபத்து. கூடவே ஒரு வைட்டமின் மாத்திரையும் இருக்கும், விடாதே. ரத்தப் பரிசோதனை தவறாம செய்யணும். மூணு மாசத்துல வீக்கம் இறங்கலைன்னா அடுத்த மருந்து இருக்கு, நான் விசாரிச்சு எழுதறேன். காய்ச்சல் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

எனக்கு மனசே சரியில்லைக்கா. மார்ச்ல பார்த்தப்ப இவ்வளவு வேகமா போகும்னு நினைக்கலை. தைரியமா இரு. மச்சான் பக்கத்துல இருக்கார்.

உன் தம்பி

செப்டம்பர் 14

தம்பி,

இதை நானே எழுதறேன். மார்ச்ல நீ இங்க வரலையே. எதைப் பார்த்தே?

அக்கா

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் எப்படி இருக்கீங்கன்னு கேக்கற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேக்கறேன்.

உன் ரத்தம் கெட்டுப்போகலை. குழாய் மேல நம்பர்தான் இருக்கும், பேர் இருக்காது. ஆனா நானே கொண்டு வந்ததால உன் நம்பர் எனக்குத் தெரியும். நல்லா இருக்கறவங்க வரிசையில அது ஒண்ணு மட்டும் நோயாளிங்க ரத்தம் மாதிரியே இருந்துச்சு. உள்ள இருந்த பையெல்லாம் "எரி, எரி"ன்னு ஒரே சேதியோட. அப்பத்தான் உன்னைக் கேள்வி கேட்டேன். நீ எழுதின பதிலுக்கப்புறம் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆய்வு செய்யறவங்க சொந்தக்காரங்க ரத்தத்தை எடுக்கக் கூடாதுன்னு இங்க விதி. ஆள் கிடைக்காம உன்னுதை எடுத்துட்டு, பக்கத்து வீட்டு அம்மான்னு எங்க ஆய்வுக்கூடப் பெரியவர்கிட்ட சொல்லியிருந்தேன். ஏப்ரல்ல என் வேலை நிரந்தரமாகுமா இல்லையான்னு முடிவு பண்ண இருந்தாங்க. தெரிஞ்சா ஆய்வும் போகும், நானும் போவேன். குழாய் கெட்டுப்போச்சுன்னு அவர்கிட்ட சொன்னேன். உன்கிட்டயும் அதையே சொன்னேன்.

உனக்கு மட்டும் ரகசியமா சொல்லியிருக்கலாம். உன் வாய்க்குப் பயந்தேன். என் தம்பி ரத்தத்துலயே கண்டுபிடிச்சான்னு ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லுவே. சாதாரணக் காய்ச்சல்லகூட இந்தப் பை ஏறும், இது நிச்சயமில்லைன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். வேலை நிரந்தரமாயிடுச்சு. அப்புறம் எழுத முகம் இல்லை.

இப்ப ஒண்ணு கேக்கணும். மிச்ச ரத்தத்தை நான் வீசலை, உறைபெட்டியில இருக்கு. நோய் தெரியறதுக்கு முன்னாடியே எடுத்த ரத்தம் எங்ககிட்ட அது ஒண்ணுதான். அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நோய் வந்துடுச்சு, மறுபடியும் பார்த்தேன், குழாய் கெடலைன்னு சொன்னதும் பெரியவர் துள்ளிக் குதிச்சார். எத்தனையோ பேர் கையை இது காப்பாத்தும்க்கா. அதுக்கு, ஆய்வு செய்யறவங்களுக்கும் உனக்கும் எந்த உறவும் இல்லைன்னு ஒரு தாள்ல நீ கையெழுத்துப் போடணும். இதோட வச்சிருக்கேன். இன்னொரு தடவை ரத்தமும் வேணும். நீ முடியாதுன்னா கட்டாயம் இல்லை.

உன் தம்பி

டிசம்பர் 2

மதிப்புள்ள ஆராய்ச்சி ஐயாவுக்கு,

நீங்களும் உங்க வீட்டம்மாவும் நலமா இருப்பீங்கன்னு நம்பறேன். நான் எப்படி இருக்கேன்னு எனக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும், அதனால எழுதலை.

ஐயான்னு எழுதச் சொன்னதும் என் வீட்டுக்காரர் பேனாவை வச்சுட்டு எழுந்து போயிட்டார். அதனால நானே எழுதறேன். எழுத்து ஒரு பக்கமா சாயும், பொறுத்துக்குங்க.

தாள் கிடைச்சது. கையெழுத்துப் போட்டுட்டேன், இதோட இருக்கு. எத்தனையோ பேர் கையைக் காப்பாத்தும்னு எழுதியிருந்தீங்க. காப்பாத்தட்டும், அவங்க என்ன பாவம் பண்ணாங்க? நீங்க என் வாய்க்குப் பயந்ததும் நியாயம்தான். பயந்த மாதிரியே ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். என் தம்பின்னு சொல்லிக்க எனக்கு இருந்தது அது ஒண்ணுதானே.

ரத்தம் எடுக்க ஆளை அனுப்புங்க. வெளி ஆளா அனுப்புங்க, நீங்க வர வேண்டாம். தெரியாதவங்க குத்தினா அவ்வளவா வலிக்கறதில்லை.

தாளைத் தபால்ல சேர்த்துடலாம்னு கிளம்பினேன். அன்னைக்கு டாக்டரையும் பார்க்க வேண்டிய நாள், முதல்ல அங்க போனோம். கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டார். தாள் என் பையில இருந்துச்சு, கையெழுத்தோட. யாரும் இல்லைன்னேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். "அப்ப சரி, இருந்திருந்தா சொல்லி வைக்கச் சொல்லியிருப்பேன். ஒருத்தருக்கு வந்தா கூடப் பிறந்தவங்களுக்கும் வர வாய்ப்பு உண்டு"ன்னு சொல்லிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்.

அதனால ஐயா, காலையில எழுந்ததும் விரலை மடக்கிப் பாருங்க. மடங்கலைன்னா வேலை, விதி எதையும் பார்க்காதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. நமக்குள்ள உறவு ஒண்ணும் இல்லைதான். ஆனா இதை எழுத ஒரு காகிதம் போதும். பக்கத்து வீட்டுக்காரங்ககூட இவ்வளவு சொல்லுவாங்க.

இப்படிக்கு,
உங்களுக்கு எந்த உறவும் இல்லாத ஒரு அம்மா